பசை எடுக்காத பட்டு

நான் கொன்னுட்டேன்னு யாரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சண்டை போட எனக்குத் தெரியும், ஆரணியில எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஒண்ணும் சொல்லாம, "அண்ணி சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேக்கிறவ கிட்ட என்ன சண்டை போடறது?

என் பேரு அபிதகுசாம்பாள். எங்கப்பா எனக்குப் பேர் வெச்சப்போ சாமி பக்தியில இருந்தாரு, பத்து வருஷம் கழிச்சு தம்பி பொறந்தப்போ கட்சி பக்திக்குப் போயிட்டாரு, அதனால அவன் இளஞ்செழியன். என்னை தேவிகாபுரத்துல கட்டிக் குடுத்தாங்க. நாலு வருஷம் வயித்துல ஒண்ணும் தங்கலன்னு சொல்லி, ஒரு சூட்கேஸோட திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த ஆளுக்கு இப்போ ரெண்டு பசங்க. நல்லா இருக்கட்டும், எனக்கென்ன.

அப்பா அம்மா போனப்புறம் வீட்ல நானும் தம்பியும்தான். அவன் செய்யாறு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போறான். வீட்ல இருக்கிற ஒரு தறியில நான் நெய்யறேன். ஆனா என்னைத் தேடி ஆள் வர்றது நெசவுக்கு இல்ல, பாவு பிணைக்கிறதுக்கு. தறியில நீளவாக்குல ஓடற நூல்தான் பாவு. ஒரு பாவு முடிஞ்சு அடுத்த பாவு ஏத்தும்போது பழைய முனையையும் புது முனையையும் ஒவ்வொரு இழையா முறுக்கிச் சேக்கணும். நாலாயிரம் இழைக்கு மேல இருக்கும். விரல்ல சாம்பலைத் தொட்டுகினு நான் முறுக்கினேன்னா எங்க சேந்துதுன்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது. "அபிதாக்கா கையி"ன்னு இந்தத் தெருவுல ஒரு பேச்சே உண்டு. அந்தத் திமிரு எனக்கு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல.

தம்பி பொண்டாட்டி சங்கீதா வந்தவாசிக்காரி. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரு. கல்யாணத்துக்கு பீரோ, கட்டிலோட ஒரு கூண்டும் வந்துச்சு. உள்ள சாம்பல் கலர்ல ஒரு பறவை, மஞ்சக் கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. காக்டெய்ல்னு ஒரு கிளி ஜாதின்னு சொன்னா. பேரு லட்டுவாம். இது இன்னாடா புதுப் பேஜாருன்னுதான் முதல்ல நெனச்சேன். காலையில அஞ்சு மணிக்கு விசில் அடிக்கும். தறியில உக்காந்தா "கீச்சு கீச்சு"ன்னு கூடவே சத்தம் போடும். எனக்கும் அதுக்கும் ஆவவே ஆவாது.

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு சங்கீதா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்பினா. அவங்கம்மா பச்சையம்மாள் வீட்ல ரெண்டு பூனை இருக்குது, அதனால லட்டுவை எடுத்துகினு போக முடியாது. கூண்டை என் கையில குடுத்து, "அண்ணி, இதை நல்லா பாத்துக்குங்க. பாஸ் பண்ணிட்டீங்கன்னா அடுத்தது கொழந்தை உங்க கையிலதான்"னு சிரிச்சா.

அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அது சிரிப்பு இல்ல. ஏன்னா ரெண்டு வீட்லயும் ஒரு பேச்சு ஓடிகினு இருந்துச்சு. லீவு முடிஞ்சு சங்கீதா வேலைக்குப் போனா கொழந்தையை யார் பாத்துக்கிறது? பச்சையம்மாள் "எங்கிட்டயே வந்தவாசியில இருக்கட்டும்"ன்னுது. சங்கீதாதான், "வீட்டோட அண்ணி இருக்காங்களேம்மா"ன்னா. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுகினு நான் ஆறு மாசம் ஓட்டிட்டேன். எனக்குன்னு பொறக்கல, பரவாயில்ல. தூக்கி வளக்கவாவது ஒண்ணு வரப்போவுது. தறி பக்கத்துல எந்த இடத்துல தூளி கட்டறதுன்னு கூட பாத்து வெச்சிருந்தேன்.

அதனால லட்டுவை ராஜா மாதிரி பாத்துகினேன். தினை, கம்பு, அவிச்ச முட்டை, கொத்தமல்லித் தழை. தினம் மத்தியானம் ஃபேனை நிறுத்திட்டு கூண்டைத் தொறந்து விடுவேன், சங்கீதா அப்படித்தான் பண்ணுவா. அது ரெண்டு சுத்து பறந்துட்டு என் தோள் மேல வந்து உக்காரும். முதல்ல முள்ளு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. சாயங்காலம் சங்கீதா வீடியோ கால்ல வந்து விசில் அடிப்பா, இதுவும் கொண்டையைத் தூக்கிகினு பதிலுக்கு அடிக்கும். "பாத்தியா, நான் எப்படி வெச்சிருக்கேன்"னு எனக்கு பெருமை தாங்காது.

ஐப்பசி மழை புடிச்சுகினு இருந்த ஒரு நாள். அரக்குச் சிவப்புல ஒரு பாவு, வீட்டுத் தறிக்கே பிணைச்சுகினு இருந்தேன். பாதி முடிஞ்சிருக்கும். தோள் மேல இருந்த லட்டு, இடி சத்தம் கேட்டு மெரண்டு பாவு மேல விழுந்துடுச்சு. நகம் இழையில மாட்டிகிச்சு. இறக்கையை அடிக்குது. அடிக்க அடிக்க இன்னும் பத்து இழை சுத்திக்குது.

அப்போ நான் எதைப் பாத்தேன்னு உண்மையைச் சொல்லிடறேன். பாவைத்தான் பாத்தேன். மூணு மணி நேர வேலை அறுந்து போவுதேன்னுதான் தோணுச்சு. எடது கையால அதை பாவோட சேத்து அழுத்திப் புடிச்சேன். "அடங்குடி சனியனே"ன்னு திட்டிகினே சோத்துக் கையால ஒவ்வொரு இழையா நகத்துல இருந்து எடுத்தேன். அது முறுக்குது, நான் இன்னும் அழுத்தறேன். ஏதோ 'டக்'குன்னுச்சு. கடைசி இழையையும் எடுத்துட்டு பாத்தா பாவுல ஒரு இழை கூட அறுந்திருக்கல. எனக்கு சந்தோஷம்! அந்த சந்தோஷத்துலதான் அதைத் தூக்கினேன். எடது கால் தொங்குது.

"ஐயோ கண்ணு, இன்னாடி ஆச்சு"ன்னு மடியில போட்டுகினு அழுதேன். அதுவரைக்கும் அதை கண்ணுன்னு நான் கூப்பிட்டதே இல்ல.

கால்நடை ஆஸ்பத்திரி எங்க தெருவுல இருந்து பத்து நிமிஷ நடை. அப்பவே தூக்கினு ஓடியிருக்கணும். ஓடல. ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேருக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரிஞ்சா வந்தவாசிக்குத் தெரியும். மாசமா இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு கவலைன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிகினேன். பொய்யி. ஒரு பறவையைப் பாத்துக்கத் துப்பில்லாதவ கையில கொழந்தையைக் குடுப்பாளான்னுதான் பயம். அதோட, எனக்கு எதுக்கு டாக்டரு? நாலாயிரம் இழையை சேக்கிற கை, ஒரு குச்சிக் காலை சேக்காதா?

தொடப்பத்துல இருந்து ஈர்க்கு ரெண்டு எடுத்து, அறுத்து, வழவழன்னு தேய்ச்சேன். உடைஞ்ச எடத்துக்கு ரெண்டு பக்கமும் வெச்சேன். கட்டறதுக்கு எந்த நூலுன்னு யோசிச்சு யோசிச்சு எடுத்தேன், அதைத்தான் இப்பவும் தாங்க முடியல. சாயத்துக்குப் போறதுக்கு முன்னாடி பட்டு நூலை சோப்பு போட்டு காய்ச்சி பசை எடுப்பாங்க, அப்புறம்தான் அது மெத்துன்னு ஆவும். பசை எடுக்காத பட்டு முரடு. நனைச்சு கட்டினா காய காய இறுகிக்கும், அசையவே அசையாது. அதான் சரின்னு எடுத்தேன். தெரியாம செஞ்சிருந்தாகூட மனசு ஆறும். இறுகும்னு தெரிஞ்சுதான் கட்டினேன். ஒத்தை இழை, எச்சில்ல நனைச்சு, பதினாலு சுத்து. முடிச்சு போட்ட எடம் வேற யார் கண்ணுக்கும் தெரியாது. மேல மஞ்சளைக் குழைச்சு பூசினேன்.

தம்பி ஷிப்டு முடிஞ்சு வந்து பாத்துட்டு அலறினான். "இன்னாக்கா இது! வாக்கா, ஜல்தியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்."

"மாட்டுக்கு ஊசி போடறவங்க இதுக்கு இன்னாடா பண்ணுவாங்க? உக்காரு. உன் பொண்டாட்டி கிட்ட வாயைத் தொறந்தே, அவ்ளோதான்."

குனிஞ்சு பாத்தான். "கட்டே தெரியலியேக்கா"ன்னான். அந்தப் பாராட்டுல எனக்கு உச்சி குளுந்து போச்சு, பாருங்க.

அடுத்த அஞ்சு நாள் நான் தறியில உக்காரல. சத்தம் கேட்டா அது மெரளும். புடவை வர்ற அட்டைப் பெட்டியில பழைய வேட்டியைக் கிழிச்சுப் போட்டு, மேல ஒரு குண்டு பல்பை தொங்க விட்டு சூடு காட்டினேன். தினையை வேக வெச்சு மசிச்சு விரல் நுனியில ஊட்டினேன். குளுக்கோஸ் தண்ணியை சொட்டு சொட்டா வாயோரத்துல விட்டேன். போற எச்சம் பச்சையா வெள்ளையான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். என் கழுத்துல மூக்கை சொருகிகினு தூங்கும். அந்தக் குட்டி மூச்சு கழுத்துல படும்போது, கட்டின புருஷன்கிட்ட கூட இந்த மாதிரி ஒரு நிமிஷம் இருந்ததில்லன்னு தோணும். சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது, ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

சாயங்காலம் போன் வந்தா மூஞ்சியை மட்டும் காட்டுவேன். சங்கீதா விசில் அடிப்பா, இது ஒரே ஒரு தடவை மெதுவா அடிக்கும்.

"ஏன் அண்ணி உப்பிகினு இருக்குது? உடம்பு சரியில்லையா?"

"மழைம்மா, குளிரு. நீ உன் உடம்பைப் பாரு."

"ஏதாவதுன்னா உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க அண்ணி. இதுங்களுக்கு ஒரு நாள் தள்ளினா கூட தாங்காது."

"எனக்குத் தெரியாதா?"ன்னு சுள்ளுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

நாலாம் நாள் லட்டு கட்டைக் கொத்த ஆரம்பிச்சுது. விடாம கொத்துது. கட்டை அவுத்துக்கப் பாக்குது, கொழுப்புன்னு நெனச்சேன். அட்டையை வட்டமா வெட்டி கழுத்துல மாட்டி விட்டேன், மூக்கு காலுக்கு எட்டாத மாதிரி. அது கத்துச்சு. "கத்துடி, நல்லதுக்குத்தான்"னேன். அது எனக்கு சொல்லிகினு இருந்திருக்குது. வாயில்லாத ஜீவன் சொல்றதுக்கு வழி இருந்தது அந்த மூக்கு ஒண்ணுதான், நான் அதையும் அடைச்சுட்டேன்.

ஆறாம் நாள் காலையில பெட்டியைத் தொறந்தா ஒரு நாத்தம். தினை வாங்கல. கழுத்தைத் தூக்கல. பெட்டியோட தூக்கிகினு கொட்டற மழையில ஓடினேன்.

ஆஸ்பத்திரியில இருந்தது சின்ன வயசு லேடி டாக்டரு. நாலு ஆட்டுக்கு நடுவுல என்னை முன்னாடி கூப்பிட்டாங்க. பஞ்சை நனைச்சு மஞ்சளைத் தொடைச்சாங்க. உள்ள கால் கறுப்பா இருந்துச்சு, விரலெல்லாம் காஞ்சு போன வேர் மாதிரி.

"யாரும்மா கட்டினது?"

"நான்தாங்க."

"எதால கட்டுனீங்க? நூலே தெரியலியே."

கத்திரியை வெச்சுகினு அவங்க தேடறாங்க, தேடறாங்க. சதை வீங்கி இழையை மூடிகிச்சு. கடைசியில, "என் கண்ணுக்குப் புடிபடலம்மா, உங்களுக்குத் தெரியுதா பாருங்க"ன்னு கத்திரியை என் கையில குடுத்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுது. தெரியாம இருக்குமா? நான் போட்ட முடிச்சு. சதைக்குள்ள நகத்தை விட்டு இழையைத் தூக்கி வெட்டினேன். பதினாலு சுத்தும் ஒரே சுருளா, அப்படியே மோதிரம் மாதிரி வந்துச்சு.

அந்தப் பொண்ணு திட்டல. "துணியில லூசா சுத்தி, அப்பவே எடுத்துகினு வந்திருந்தா கால் நின்னிருக்கும். இப்போ காலை எடுக்கணும். இங்க வசதி இல்ல, வேலூருக்குப் போங்க. சீக்கிரம் போங்க"ன்னாங்க.

வேலூர் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து, முந்தானைக்குள்ள வெச்சுகினு போனேன். கண்ணமங்கலம் தாண்டினப்போ ஒரு தடவை விசில் அடிக்கிறதுக்கு வாயைத் தொறந்துச்சு. சத்தம் வரல. கொஞ்ச நேரத்துல கை மேல இருந்த சூடு போச்சு. எறங்கணும்னு தோணல, எந்திரிக்கவும் முடியல. வேலூர் வரைக்கும் அப்படியே போயி, அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். கண்டக்டர் ரெண்டாவது டிக்கெட் குடுக்கும்போது ஒரு மாதிரி பாத்தான். வீட்டுக்குப் பின்னாடி பள்ளம் தோண்டிப் பொதைச்சேன்.

அன்னிக்கு சாயங்காலம் நானே போன் பண்ணினேன். "சளி புடிச்சுகிச்சும்மா. ரெண்டு நாள்ல போயிடுச்சு."

அவ அழுதா. நெறமாசக்காரி அழுவறா, நான் சமாதானம் சொல்றேன், கொன்னவளே சமாதானம் சொல்ற கொடுமை. கடைசியில மூக்கை உறிஞ்சிகினு அவ சொல்றா, "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி. நீங்க நல்லாத்தான் பாத்துகினீங்க. உங்களை நீங்களே நொந்துக்காதீங்க." செருப்பால அடிச்சிருந்தாகூட அவ்ளோ வலிச்சிருக்காது.

இருபது நாள் கழிச்சு பொண்ணு பொறந்துச்சு. தம்பி ஆஸ்பத்திரியில இருந்து போன்ல குதிச்சான். மறுநாள் நான் பாக்கப் போறதுக்குள்ள அந்த ஓட்ட வாயன் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கான். அவ ஏதோ லட்டு பேச்சு எடுத்தாளாம், இவனுக்கு மனசு கேக்கலையாம். ஈர்க்கு, பட்டு, மஞ்சள், கழுத்து அட்டை, ஒண்ணு விடல. அவன் மூஞ்சைப் பாத்தவுடனே புரிஞ்சு போச்சு.

சங்கீதா ஒண்ணும் கேக்கல. "வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"ன்னா. கேளுடி, ஏன்டி பொய் சொன்னேன்னு கேளுடின்னு உள்ளுக்குள்ள கத்தறேன். அவ கொழந்தைக்குப் பால் குடுத்துகினே சுவத்தைப் பாத்துகினு இருந்தா. கொழந்தையை நான் தூக்கலாமான்னு கேக்க வாய் வரல. அவளும் குடுக்கல.

ஆனாலும் மனசு இருக்குதே, அது லேசுல விடாது. பதினாறாம் நாள் பேர் வெக்கிற விசேஷம். அதுல அரணாக்கயிறு கட்டறது அத்தையோட உரிமை, அப்பனோட அக்கா தங்கச்சிதான் கட்டணும். அதை யாரும் மாத்த முடியாது இல்லையா? அதை நம்பிகினு கயிறை நானே முறுக்கினேன். கறுப்புப் பட்டு. ஒரு தடவைக்கு மூணு தடவை காய்ச்சி, பசை துளி இல்லாம எடுத்து, என் கன்னத்துல, ஒதட்டுல, கண்ணு மேல எல்லாம் தேச்சுப் பாத்து, அப்புறம்தான் முறுக்கினேன். மேகம் மாதிரி இருந்துச்சு. இந்தக் கயிறைத் தொட்டுப் பாத்தா அவளுக்கு மனசு எறங்கும்னு நெனச்சேன்.

வந்தவாசியில வீடு நெறைய சொந்தம். பச்சையம்மாள் என்னைப் பாத்தவுடனே கையைப் புடிச்சுகினு சந்தோஷமா சொல்லுது. அதுக்கு ஒரு வெஷயமும் தெரியாது போல. "உனக்கு இனிமே தொல்லை இல்லம்மா. சங்கீதா இங்கயே பள்ளிக்கூடத்துல வேலை தேடிட்டா. மாப்பிள்ளையும் இங்க இருந்தே செய்யாறு போயிக்கிறேன்னுட்டாரு. கொழந்தை எங்கிட்டதான். தம்பி சொல்லலியா?"

தம்பி பந்தல் பக்கம் போயி யார் கிட்டயோ பேசிகினு நின்னான். அவன் என் பக்கம் திரும்பல.

"நல்லதுதான்"னு சொன்னேன்.

மணை போட்டு சங்கீதா கொழந்தையோட உக்காந்தா. "அத்தைக்காரி எங்க? வந்து அரணாக்கயிறு கட்டுங்க"ன்னு பெரியவங்க கூப்பிட்டாங்க. நான் போயி எதிர்ல உக்காந்து மடியில இருந்து கயிறை எடுத்தேன். கொழந்தை தூங்கிகினு இருந்துச்சு, வயிறு மட்டும் ஏறி எறங்குது.

சங்கீதா கயிறையே பாத்தா. "பட்டா அண்ணி?"

"ஆமாம்மா. நல்லா காய்ச்சினது. மூணு தடவை பசை எடுத்தேன், தொட்டுப் பாரேன்…"

நான் சொல்லி முடிக்கலை, அவ கொழந்தையை இன்னும் கொஞ்சம் மடிக்குள்ள இழுத்துகினா. கோவமே இல்ல அவ கொரல்ல. "அம்மா கட்டட்டும் அண்ணி. நீங்க காதுல பேரைச் சொல்லுங்க."

"ஏய், அத்தை இருக்கும்போது நான் எப்படிடி கட்டறது?"ன்னு பச்சையம்மாள் முழிக்குது. சுத்தி இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. நான் என் கயிறை சுருட்டி உள்ளங்கையில வெச்சுகினேன். "கட்டுங்க சம்பந்தியம்மா, யார் கட்டினா இன்னா"ன்னு நானே சொன்னேன். என் கொரல் எனக்கே யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு.

கடைத்தெருவுல வாங்கின பருத்திக் கயிறு ஒண்ணு தட்டுல இருந்துச்சு, சங்கீதா முன்னாடியே வாங்கி வெச்சிருக்கா. பச்சையம்மாளுக்கு முடிச்சே போடத் தெரியல. ஒரு தடவை போட்டுது, அவுந்துச்சு. மறுபடி போட்டுது.

"லூசாவே கட்டும்மா"ன்னா சங்கீதா. "கழண்டு விழுந்தா விழட்டும்."

அப்புறம் நான் குனிஞ்சு கொழந்தை காதுகிட்ட வாயை வெச்சு பேரை மூணு தடவை சொன்னேன். நிமுந்து பாத்தா சங்கீதா என் மூஞ்சையே பாக்கல. நான் குனிஞ்சதுல இருந்து எந்திரிச்ச வரைக்கும், அவ என் ரெண்டு கையைத்தான் பாத்துகினு இருந்திருக்கா.